அரிச்சுவடி தெரியாத கம்ப்யூட்டர்

பட்டுவாடா நாள். காலை ஏழு மணிக்கே சங்கத்து வாசலில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் கூட்டுறவு சங்கம் அது. நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள் அன்றுதான் முதன்முதலாக ஓடப்போகிறது. செயலாளர் இருபத்தைந்து வருடமாகக் கையால் எழுதிவந்த நீள நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

முதலில் வந்து நின்றவர் அன்பழகன். செயலாளரின் விரல் பழக்கதோஷத்தில் நேராக 'அ' வரிசையின் கடைசிக்குப் போனது. அங்கே அருக்காணி இருந்தார். அன்பழகனோ அங்கம்மாளுக்கும் அப்புசாமிக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்தார். தேடிப் பிடிக்க அரை நிமிடம் ஆனது. அடுத்து வந்தவர் வள்ளியம்மாள். அவரை வளர்மதிக்கு முன்னால் தேடினால், பின்னால் இருந்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க கம்ப்யூட்டருக்கு அரிச்சுவடியே தெரியாதுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். காது மட்டும் சுட்டது.

நான் 2006-ல் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தவள். பெங்களூரில் பன்னிரண்டு வருடம் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினேன். பிறகு ஊருக்கே வந்து, ஏழு பேர் கொண்ட சின்ன கம்பெனி நடத்துகிறேன். பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் என் கண்ணில் படாதது, நோட்டுப் போட்டு எழுதியவர் கண்ணில் ஒரே நிமிடத்தில் பட்டது. காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் சோதனைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஜான், டெஸ்ட் யூசர், ஏபிசிடி. ஒரு தமிழ்ப் பெயர்கூட அதில் இல்லை.

இணையத்தில் இயங்கும் மென்பொருளை எதில் எழுதுவது, எதைக் கொண்டு சோதிப்பது, எதை வைத்து மொழிபெயர்ப்பது என்று இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கும், அதைக் காசு கொடுத்து வாங்குகிற சங்கங்களுக்கும் அலுவலகங்களுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். கருவியைத் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே உங்கள் பாட்டியின் பெயரை அதில் அடித்துப் பாருங்கள். வீடு கட்டி முடித்த பிறகு சுண்ணாம்பு அடிப்பது மாதிரி தமிழைக் கடைசியில் பூச முடியாது. அது கடைக்காலிலேயே விழ வேண்டும்.

அன்பழகன் கதைக்கே வருகிறேன். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்திய மொழிகளுக்கு எண் ஒதுக்கியபோது எல்லா மொழிகளையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். அதனால் தமிழில் ந-வுக்கு அடுத்த எண் ன-வுக்கும், ர-வுக்கு அடுத்த எண் ற-வுக்கும் போனது. நம் அரிச்சுவடியிலோ மெய் வரிசையின் கடைசி இரண்டு இடம் ற-வுக்கும் ன-வுக்கும். புள்ளிக்கும் இதே கதைதான். நமக்கு 'ள்' வந்த பிறகுதான் 'ள'. எண்படி பார்த்தால் புள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால். வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் அன்பழகன் முன்னால் ஓடுவார், வள்ளியம்மாள் பின்தங்குவார்.

இதற்கு மருந்தும் உண்டு, இலவசமாகவே உண்டு. ஐசியு என்ற திறமூல நூலகம் அந்தந்த மொழியின் அகராதி வரிசையைத் தெரிந்துவைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2017-ல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. இன்றைய பிரவுசர்களின் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறது. "தமிழ்ப்படி அடுக்கு" என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அந்த வரியை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பட்டியலில் இருந்த ஜானுக்கு அது தேவைப்படவில்லை.

கருவிகளை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் யூடியூப்பில் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவான். கிட்ஹப்பில் அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவோம். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அந்தப் பெயர் அடிபடுகிறதா என்று பார்ப்போம். தீபாவளிக்குப் புடவை எடுப்பதில்கூட இதைவிட அதிகம் யோசிப்போம். குறைந்தபட்சம் தண்ணீரில் சாயம் போகுமா என்று கடைக்காரரைக் கேட்போம்.

சாயம் போன கதைகள் ஏராளம். 2010-ல் கூகுளிலிருந்து வந்த, இணையப் பக்கங்களைக் கட்டும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற கருவி ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. 2021 டிசம்பரோடு அதற்கான ஆதரவு முடிந்தது. அதே மாதிரிக் கருவியான வியூவின் 2-ஆம் பதிப்புக்கு 2023 டிசம்பரில் அதே கதி. ஆங்குலருக்கென்றே இருந்த புரொட்ராக்டர் என்ற சோதனைக் கருவியும் கைவிடப்பட்டது. அதில் எழுதிய சோதனைகளை எல்லாம் பலரும் வேறொன்றில் திரும்ப எழுதினார்கள். 2016-ல் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிக் குறிநிரலை எழுதியவர் அதைப் பொதுக்களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, அதை நம்பியிருந்த மென்பொருள்களை உலகம் முழுக்கப் பலரால் கொஞ்ச நேரம் கட்டியெழுப்பவே முடியாமல் போனது.

புதிது எல்லாம் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. 2004-ல் சிகாகோவில் பிறந்த செலினியம் என்ற சோதனைக் கருவி இன்றும் பிழைத்துக் கிடக்கிறது. அதனோடு இணைந்து வளர்ந்த, பிரவுசரை ஓட்டும் வெப்டிரைவர் 2018-ல் இணையத்துக்குத் தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது. ஒரு கம்பெனி மனம் மாறினாலும் தரநிலை நிற்கும். அதனால் எங்கள் ஆபீஸில் இப்போது எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்கிறோம். இதன் அடியில் தரநிலை இருக்கிறதா? எழுதியவர்கள் விட்டுப்போனால் நாம் வெளியே வர வழி இருக்கிறதா? தமிழ் இதில் ஒழுங்காக நடக்குமா? முதல் இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் ஆவணங்களிலேயே கிடைத்துவிடும். மூன்றாவதற்கு உட்கார்ந்து தமிழ் அடித்துப் பார்த்தால்தான் உண்டு.

அடித்துப் பார்த்தபோது வந்த வினோதங்களைச் சொல்கிறேன்.

பைத்தானில் 'சொல்' என்பதைக் கண்டுபிடிக்கப் பலரும் பயன்படுத்தும் ஒரு சின்னக் குறியீடு இருக்கிறது. அதனிடம் 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம' என்று ஒரு சொல்லும் 'ழ' என்று இன்னொரு சொல்லும் திருப்பித் தரும். இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடின் வகைப்பாட்டில் எழுத்துகளாக இல்லாமல் குறிகளாக நிற்கின்றன. அதனால் "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம், எந்த மொழியானாலும் சரி" என்று நல்லெண்ணத்தோடு எழுதிய விதியும் நம் பெயர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். குறிகளையும் சேர்த்து அனுமதித்தால் போதும். ஆனால் நிறுத்துகிறது என்பதே ஜானை வைத்துச் சோதிப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அடுத்தது நீளம். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எட்டு என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் பதினைந்து என்னும். சில தரவுத்தளங்கள் பைட் கணக்கில் இடம் ஒதுக்கும், அங்கே நாற்பத்தைந்து. 'பெயர் 12 எழுத்துக்குள்' என்று கட்டம் போட்டால், எட்டு எழுத்துக்காரர் நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்படுவார். குறுஞ்செய்தியில் இது நேரடியாகக் காசாகவே போகிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ் என்றால் 70. அந்த எழுபதும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணித்தான். "உங்கள் பால் பணம் வரவு வைக்கப்பட்டது" என்று பெயரும் தொகையும் போட்டு விரிவாக எழுதினால் இரண்டு செய்திக் காசு. எங்கள் சங்கத்துச் செய்தியை வெட்டிச் செதுக்கி ஒன்றுக்குள் அடக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது.

எல்லாவற்றையும் விடப் படுத்தியது கௌசல்யா. 'கௌ' என்பதற்கு ஒற்றை ஔகாரக் குறி இருக்கிறது. ஆனால் பலர் ஒற்றைக் கொம்பைப் போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தை அடித்துவிடுவார்கள். கௌசல்யா, கெளசல்யா. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றேதான். கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஆட்கள். சேர்க்கையில் ஒரு விதமாகவும் தேடும்போது இன்னொரு விதமாகவும் அடித்தால் "அப்படி யாரும் இல்லை" என்று வரும். ஔவைக்கும் இதே தொல்லை. யூனிகோடில் நார்மலைசேஷன் என்றொரு வசதி உண்டு. கொம்பும் காலும் தனித்தனியாக வந்து 'கொ' ஆகியிருந்தால் அது சேர்த்துவைக்கும். 'ள' விஷயத்தில் அதுவும் கையை விரித்துவிடும். அது வேறு எழுத்தாயிற்றே! அதற்கு நாமே ஒரு விதி எழுத வேண்டும். இதைத் தமிழ் தெரிந்தவர்தான் எழுத முடியும். எந்த அமெரிக்கக் கருவியும் பெட்டியில் வைத்துத் தராது.

பில் அச்சடிப்பதும் ஒரு பாடம். பிடிஎஃப் தயாரிக்க நாங்கள் முதலில் எடுத்த ஒரு நூலகம் 'கொடுமுடி'யின் முதல் எழுத்தைப் பிய்த்து, கொம்பைப் பின்னால் தள்ளி அச்சடித்தது. எழுத்துரு சரியாகத்தான் இருந்தது. எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கும் வேலையை அந்த நூலகம் செய்யவே இல்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அந்த வேலையைப் பார்ப்பது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல எஞ்சின். கடைசியில் பிரவுசரையே திரையில்லாமல் ஓடவிட்டு, பக்கத்தை பிடிஎஃப்பாக எடுத்தோம். கொடுமுடி கொடுமுடியாகவே வந்தது.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். இங்கேதான் கேலிக்கூத்து அதிகம். தனித்தனிச் சொற்களாக ஒரு எக்செல் தாளில் போட்டு மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டுவார்கள். 'ஹோம்' என்று இருக்கும். அவர் 'வீடு' என்று எழுதிவிடுவார். 'புக்' என்றால் புத்தகமா, பதிவு செய்வதா? 'கிளியர்' என்றால் தெளிவா, அழிப்பதா? அவர்மீது தப்பில்லை. அந்தச் சொல் திரையில் எங்கே நிற்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை. தொண்ணூறுகளிலிருந்தே இருக்கும் ஜிஎன்யு கெட்டெக்ஸ்ட்டில் ஒவ்வொரு சொல்லோடும் சூழல் குறிப்பு எழுத இடம் உண்டு. வெப்லேட் மாதிரித் திறமூலத் தளங்களில் திரையின் படத்தையே ஒட்டிவைக்கலாம். அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வேற்றுமை உருபு இன்னொரு பொறி. ஆங்கிலத்தில் 'இன்' என்று முன்னால் போட்டு ஊர்ப் பெயரைக் காலி இடத்தில் செருகிவிடலாம். அதையே தமிழில் செய்தால் 'சேலம்இல்', 'ஈரோடுஇல்', 'மதுரைஇல்' என்று வந்து நிற்கும். நாம் பேசுவதோ சேலத்தில், ஈரோட்டில், மதுரையில். ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. இதற்கென்று இலக்கணம் தெரிந்த புரோகிராம் எழுதப் புறப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, எளிய வழி ஒன்று பிடிபட்டது. வாக்கியத்தையே மாற்றிவிடுவது. 'ஊர்: சேலம்' என்று போட்டால் உருபே வேண்டாம். வாக்கியத்தை மாற்றி எழுத மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை கொடுக்கும் கருவிதான் நல்ல கருவி. துண்டு துண்டாகக் கொடுத்து அதே வரிசையில் திருப்பிக் கேட்பது, செங்கல்லைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டுகிற வேலை.

மரியாதையையும் கருவி பார்த்துக்கொள்ளாது. 'சேமி', 'நீக்கு' என்று பொத்தானில் எழுதினால் செயலாளர் வயதுக்காரர்கள் முகம் சுளிப்பார்களோ என்று எங்கள் ஆபீஸில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் நான் சொன்ன தீர்ப்பு இது: பொத்தான் என்பது மனிதர் எந்திரத்துக்குப் போடும் உத்தரவு, அதில் ஒருமை தாராளமாக இருக்கலாம். திரையில் வரும் அறிவிப்பு எந்திரம் மனிதரிடம் பேசுவது. அங்கே 'தேதியை எழுதுங்கள்' என்றுதான் வர வேண்டும். இந்த இரண்டு வரியை மொழிபெயர்ப்பாளருக்கான குறிப்பில் முதலிலேயே எழுதிவைத்துவிட்டோம். அதன் பிறகு சண்டை இல்லை.

சொல் தேர்விலும் ஒரு பாடம் கிடைத்தது. பாலின் தரத்தைச் சொல்லும் ஒரு கட்டத்துக்கு எங்கள் மொழிபெயர்ப்பில் 'கொழுப்பு அல்லாத திடப்பொருள்' என்று வந்திருந்தது. இலக்கணப்படி பிழையில்லை. செயலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதர சத்துங்களா? அப்படியே போட்ருங்க" என்றார். எங்கள் எழுபது பக்க மொழிபெயர்ப்பு ஆவணத்தில் கிடைக்காத சொல் ஒரு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எல்லோரும் போனில் ஆங்கில எழுத்திலேயே தமிழ் அடிக்கிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நண்பருக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது சரி. ரேஷன் கார்டிலும் பத்திரத்திலும் பேங்க் புத்தகத்திலும் பெயர் ஒரே மாதிரி இல்லை என்று அலைந்தவரைக் கேட்டுப்பாருங்கள், ஓர் எழுத்தின் விலை தெரியும். "இனி செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த வாதம். நாங்களும் அதைப் பயன்படுத்துகிறோம். பெயரைச் சரிபார்க்க விதி எழுதித் தா என்று கேட்டால், சும்மா கேட்டவருக்கு ஆங்கில எழுத்து இருபத்தாறை மட்டும் அனுமதிக்கும் விதியைத் தந்திருக்கிறது. "தமிழ்ப் பெயர், இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது" என்று சொல்லிக் கேட்டால் ஒழுங்காக எழுதுகிறது. என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான் அதனாலும் பிரயோஜனம்.

செலவு அதிகமாகும் என்பதிலும் பாதிதான் உண்மை. கடைசியில் தமிழைக் கொண்டுவந்தால்தான் செலவு. முதல் நாளே கொண்டுவந்தால் அரை நாள் வேலை. மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு பொய் மொழியை உண்டாக்கி, எல்லாச் சொல்லையும் ஒன்றரை மடங்கு நீட்டித் திரையில் ஓடவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. பொத்தானை விட்டு எது பிதுங்குகிறது, மாற்ற முடியாதபடி குறிநிரலுக்குள்ளேயே எது புதைந்து கிடக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பிளேரைட் என்ற சோதனைக் கருவியில் பிரவுசரின் மொழியைத் தமிழ் என்று வைத்து, ஒவ்வொரு திரையையும் படம் பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிடலாம். ராத்திரி ஓடவிட்டுவிட்டு வந்தால் காலையில் பதில் தயாராக இருக்கும்.

எனவே அரசு அலுவலகங்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை. மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது 'தமிழ் வசதி இருக்க வேண்டும்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த வரிக்கு எந்தக் கம்பெனியும் 'ஆம்' என்று டிக் அடித்துவிடும், என் கம்பெனி உள்பட. ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். பெயர்கள் அகராதி வரிசையில் அடுக்கப்பட வேண்டும். ஔவையை எப்படி அடித்துத் தேடினாலும் ஔவை கிடைக்க வேண்டும். கிருஷ்ணமூர்த்தி எட்டு எழுத்தாக உள்ளே போக வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் படிவம் முறைக்கக் கூடாது. லட்சம் 1,00,000 என்றே அச்சாக வேண்டும். பில்லில் கொம்பு இடம் மாறக் கூடாது. இந்த ஆறையும் பணம் பட்டுவாடா ஆவதற்கு முன் உங்கள் கண் முன்னாலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும், கம்ப்யூட்டர் படித்திருக்கவும் வேண்டாம்.

அந்தப் பட்டுவாடா நாளுக்கு மறுவாரம் சங்கத்துக்குப் போய்ச் செயலாளரின் நீள நோட்டைக் கேட்டு வாங்கினேன். பெயர்களின் வரிசைமுறையையும் எழுத்து வகைகளையும் குறித்துக்கொண்டு, ஆட்களின் பெயர்களை மாற்றி, நாற்பது பெயர் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தோம். இப்போது எந்தப் புதுக் கருவி வந்தாலும் ஆபீஸில் முதலில் அந்த நாற்பது பேரும் உள்ளே போய் வெளியே வர வேண்டும். ஜானும் பட்டியலில் இருக்கிறார், நாற்பத்தொன்றாவது ஆளாக.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது செயலாளர் கம்ப்யூட்டரில் 'அ' வரிசையின் கடைசிக்குப் போய்ப் பார்த்தார். அன்பழகன் இருந்தார். அடுத்து 'வ'வில் வள்ளியம்மாளைப் பார்த்தார். பிறகு நோட்டை என்னிடமிருந்து வாங்கி, தூக்கிப் போடாமல், மேசை டிராயரில் பத்திரமாக வைத்துப் பூட்டினார்.

"இருக்கட்டுங்க அம்மிணி. அடுத்த தடவை நீங்க புதுசா ஏதாச்சும் கொண்டாந்தா வேணுமல்லங்க."